எலீ சாப்: ஓர் அரக்கு கவுனும் அதற்கு முந்தைய 20 வருடங்களும்

ஹாலிவுட் நடிகை ஹாலி பெரி 2002-இல் ஆஸ்கர் வாங்கிய இரவில் போட்டிருந்த கவுன் யார் உருவாக்கியது, அந்த ஒரே கவுன்தான் உருவாக்கியவரைப் பெரிய ஆளாக்கியதா, அவர் உருவாக்கிய சிவப்புக் கம்பள உடைகளில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று மூன்று கேள்விகள். இரண்டாவதற்குப் பெரும்பாலானோர் "ஆமாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, அதனால் அங்கேதான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். நான் மணப்பெண் பிளவுஸும் கவுனும் தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருப்பவள். ஊசி பிடிக்கிறவளின் கண்ணோடுதான் இதையும் பார்க்கிறேன்.

கவுன் எலீ சாப் உருவாக்கியது. லெபனான்காரர். (பெயரை நெடிலில்தான் எழுத வேண்டும். குறிலில் எழுதினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.) சாப் என்ற குடும்பப் பெயருக்கு அரபியில் "கடினம்" என்று பொருள். அவர் வளர்ந்த காலத்துக்குப் பொருத்தமான பெயர்தான்.

1964-இல் பெய்ரூட்டுக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் தமூர் என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் மூத்த பிள்ளை. அம்மாவின் மேஜை விரிப்பையும் திரைச்சீலையையும் வெட்டித் தங்கைகளுக்கு உடை தைத்துப் பார்த்துத்தான் தொழிலைப் பழகினார். 1975-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1976 ஜனவரியில் தமூர் தாக்கப்பட்டு ஊரே சூறையாடப்பட்டது. அவர் குடும்பமும் பெய்ரூட்டுக்கு இடம்பெயர்ந்தது. அப்போது அவருக்கு 11 வயது. 1981-இல் ஃபேஷன் படிக்கப் பாரிஸ் போனார், ஆனால் அங்கே தங்கவில்லை. அடுத்த வருடமே திரும்பி வந்து, 18 வயதில், பெய்ரூட்டில் சொந்தப் பட்டறை திறந்தார். அதே 1982 கோடையில்தான் இஸ்ரேல் படை பெய்ரூட்டை முற்றுகையிட்டது. அந்த வருடத்தில், அந்த ஊரில், ஜரிகையும் மணியும் வைத்த கவுனுக்குக் கடை திறந்தவரைப் பார்த்துப் பைத்தியம் என்றுதான் சொல்லத் தோன்றும்.

ஆனால் அது பைத்தியக்காரத்தனம் இல்லை. போர் 15 வருடம் நடந்தது. அத்தனை வருடம் யாரும் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. பெய்ரூட் குடும்பங்களும், பிறகு வளைகுடா நாட்டுக் குடும்பங்களும் அவரிடம் வந்தன. மணப்பெண்ணுக்கு மட்டுமில்லை, அம்மா, அத்தை, தங்கை, தோழி என்று ஒரு கல்யாணத்துக்குப் பத்துப் பதினைந்து உடைகள் போகும். வளைகுடாவில் பெண்கள் விருந்து தனியாக நடக்கும். கவுனைப் பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள். கிட்ட வந்து துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள், ஓரத்தைப் புரட்டி உள் தையலைப் பார்ப்பார்கள், போன மாதம் இன்னொரு கல்யாணத்தில் பார்த்த கவுனோடு ஒப்பிடுவார்கள். ஹாலிவுட் கேமராவைவிட இவர்களிடம் தப்பிப்பது கஷ்டம் என்று தொழிலில் இருக்கிற யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

மணப்பெண் உடை தைக்கிறவளுக்குத் தெரியும், அந்த உடை என்ன பாடுபடும் என்று. ஐந்தாறு மணி நேரம் நிற்க வேண்டும், உட்கார வேண்டும், நூறு பேர் கட்டிப்பிடிப்பார்கள், விளக்குச் சூட்டில் வேர்க்கும், முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் போட்டோ எடுப்பார்கள், நடுவில் அழுகை வேறு. சிவப்புக் கம்பளத்தில் நடிகைக்கு நடப்பதும் இதேதான். காரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்து, இறங்கியதும் சுருக்கம் தெரியாமல் நிற்க வேண்டும் என்பது மட்டும் கூடுதல். 2002-இல் அமெரிக்கா "புதிதாகக் கண்டுபிடித்த" ஆள், அந்த வேலையை அதற்குள் 20 வருடம் செய்து முடித்திருந்தார்.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997-இல் இத்தாலியின் தேசிய ஃபேஷன் சபை அவரைச் சேர்த்துக்கொண்டது. இத்தாலியர் அல்லாத ஒருவரை அது சேர்த்தது அதுதான் முதல் தடவை. அந்த வருடம் ரோமில் காட்சி வைத்தார், அடுத்த வருடம் மிலானில் ஆயத்த ஆடை வரிசை. 1999-இல் ஜோர்டான் அரசி ரானியா, அரியணையேற்ற நாளில் அணிந்தது சாப்பின் உடை. அரபு உலகத்தில் அதற்குமேல் ஒரு விலாசம் தேவையில்லை. அமெரிக்காவில் மட்டும்தான் அவர் பெயர் தெரியாமல் இருந்தது.

இப்போது அந்த இரவுக்கு வருவோம். 2002 மார்ச் 24. லாஸ் ஏஞ்சல்ஸில் கோடக் அரங்கத்தில் நடந்த முதல் ஆஸ்கர் விழா. ஹாலி பெரி, "மான்ஸ்டர்ஸ் பால்" படத்துக்காகச் சிறந்த நடிகை விருதுக்குப் போட்டியில் இருந்தார். அவருடைய ஸ்டைலிஸ்ட் பிலிப் பிளாக். கவுனின் கீழ்ப்பாதி அடர்ந்த சிவப்பில் பளபளப்பான பட்டுத் துணி. ஆங்கிலத்தில் பர்கண்டி என்பார்கள், நம் புடவைக் கடையில் கேட்டால் அரக்கு என்று எடுத்துப் போடுவார்கள். இடுப்பைச் சுற்றிப் பிடித்து, பின்னால் தரையில் விரிந்து போகும். மேல்பாதி முழுக்க மெல்லிய வலைத்துணி. உடம்பு அப்படியே தெரியும், ஆனால் மறைய வேண்டிய இடத்தில் மட்டும் எம்பிராய்டரி செய்த பூவும் இலையும் கொடியாகப் படர்ந்திருக்கும்.

விருது அவருக்கே கிடைத்தது. சிறந்த நடிகை விருது வாங்கிய முதல் கறுப்பினப் பெண். மேடையில் டோரத்தி டான்ட்ரிஜ், லீனா ஹோர்ன், டயான் கரோல் என்று தனக்கு முன்னால் போன நடிகைகளின் பெயரைச் சொல்லி அழுதார். அதே இரவில் சிறந்த நடிகர் விருது டென்சல் வாஷிங்டனுக்கு, கௌரவ விருது சிட்னி பாய்ட்டியருக்கு. அதற்கப்புறம் 20 வருடம் ஓடியும் இன்னொரு கறுப்பினப் பெண்ணுக்கு அந்த விருது போகவில்லை. ஆகவே அந்தக் காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கின்றன, கூடவே கவுனும் வந்துகொண்டே இருக்கிறது. இந்த அளவுக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லலாம், மறுக்கவில்லை. அவர் தோற்றிருந்தால் அந்த உடை "அந்த வருடத்தின் சிறந்த பத்து" பட்டியலில் ஒன்றாகப் போயிருக்கும்.

ஆனால் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை என்பதற்கு அதே கம்பளத்தில், அதே இரவில் சாட்சி இருக்கிறது. நடிகை க்வினெத் பேல்ட்ரோவும் மேலே வலைத்துணி, கீழே பளபளப்பான பாவாடை என்ற அதே யோசனையில்தான் வந்தார். கறுப்பு நிறம். செய்தவர் அலெக்சாண்டர் மெக்வீன். மெக்வீன் சாதாரண ஆள் இல்லை. கற்பனையில் சாப்பைவிடப் பல படி மேலே வைக்க வேண்டியவர். இருந்தாலும் அன்று அந்த உடையைப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. பல வருடம் கழித்து பேல்ட்ரோவே, உள்ளே பிரா போட்டிருக்கலாம், தலையலங்காரத்தை எளிமையாக வைத்திருக்கலாம் என்று எழுதினார். ஒரே யோசனை, ஒரே இரவு, ஒன்று சரித்திரமாகவும் ஒன்று கேலியாகவும் போனது ஏன்?

மெக்வீன் உடையில் வலை வலையாகவே இருந்தது. துணி தெரிகிறது, உள்ளே உடம்பு தெரிகிறது, இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. மேடையில் மாடல் நடக்கும்போது அது ஒரு துணிச்சல். ஆனால் நடிகை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு நிற்கும்போது, பார்க்கிற கண் "உள்ளே ஏதாவது தாங்கல் இருக்கிறதா" என்று தேட ஆரம்பித்துவிடும். தேட ஆரம்பித்துவிட்டால் அந்த உடை தோற்றது. சாப்பின் கவுனில் கண்ணுக்குப் போக ஓர் இடம் கொடுத்திருக்கிறார். கொடி எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே முடிகிறது என்று பார்வை கொடியோடு போகும். வலைத்துணி காணாமல் போய், பூ நேராக உடம்பின் மேலேயே வரைந்த மாதிரி நிற்கும். அரபு நாட்டுக் கல்யாணங்களுக்கு 20 வருடம் தைத்த கை அது. எதை மறைத்தால் எது அழகாகத் தெரியும் என்று அங்கே படித்தது.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் நெட் துணியில் பூ ஒட்டியது போலத்தான் இருக்கும்.

முதல் சிக்கல் நிறம். "நிர்வாண நிறம்" என்று கடையில் விற்கும் வலைத்துணி பல காலம் வெள்ளைக்காரர் தோலுக்குத்தான் சரியாக இருந்தது. வேறு தோல் நிறம் என்றால் சாயம் போட்டுக்கொள்ள வேண்டும், அல்லது உடையின் நிறத்துக்கே வலையைக் கொண்டுபோய் நிழல் மாதிரி ஆக்கிவிட வேண்டும். இரண்டாவது, வலை இழுக்கும். அதன் மேல் கனமான மணி வேலை வைத்தால் அந்த இடம் தொங்கும், பக்கத்து இடம் சுருங்கும். நான் முதல் தடவை ஒரு பிளவுஸில் நெட் கழுத்து வைத்தபோது, ஃப்ரேமில் கட்டியிருந்தவரைக்கும் தாமரை தாமரையாக இருந்தது. அவிழ்த்து மணப்பெண் போட்டதும் முட்டைக்கோஸ் ஆகிவிட்டது. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்தேன். பூவைத் தனியாக வேறு துணியில் செய்து வெட்டி, பொம்மையின் மேல் உடையை மாட்டிவிட்டு, அது நிற்கிற நிலையிலேயே ஒவ்வொரு பூவாகக் கையால் தைக்க வேண்டும் என்று அப்போதுதான் புத்தி வந்தது. மூட்டுத் தையல் போகிற வழியில் கொடியின் தண்டைக் கொண்டுபோனால் தையல் தெரியாது. ஜிப்பையும் இலைக்கு அடியில் ஒளித்துவிடலாம்.

மணி கோக்கும் வேலையைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பாரிஸின் ஓத் கூச்சூர் (ஒவ்வொருவர் அளவுக்கும் கையால் தைக்கும் உயர்தர உடை) பட்டறைகளில் பயன்படுத்துவது நம் ஆரி ஊசியின் சொந்தக்காரனைத்தான். கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடும் முறை இந்தியா முதலான கிழக்கு நாடுகளிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. துணியை வட்டச் சட்டத்தில் பறை மாதிரி இழுத்துக் கட்டியதால், பிரெஞ்சில் பறைக்குச் சொல்லும் "டாம்பூர்" என்ற பெயரே அதற்கு வந்தது. பிறகு லூனேவில் என்ற பிரெஞ்சு ஊர்க்காரர்கள் ஒரு மாற்றம் செய்தார்கள். நாம் துணியின் நல்ல பக்கத்திலிருந்து மணியை ஊசி முனையில் எடுத்து வைப்போம். அவர்கள் மணிகளையும் சமிக்கியையும் முன்பே நூலில் கோத்து அடியில் விட்டுக்கொண்டு, துணியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி தைப்பார்கள். நல்ல பக்கம் கீழே இருக்கும். சட்டத்தைத் திருப்பும்வரை என்ன வந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, விரல்தான் பார்க்கும். வேகம் அதிகம், ஆனால் அந்தக் கை வர வருடக்கணக்காகும்.

மணிக்கணக்கில் சொன்னால்தான் இந்த உழைப்பு புரியும். 2012 அக்டோபர் 20 அன்று லக்ஸம்பர்க் இளவரசர் கியோமைத் திருமணம் செய்தபோது ஸ்டெஃபனி அணிந்த கவுன் சாப்புடையது. எம்பிராய்டரிக்கு மட்டும் 3,200 மணி நேரம், தையலுக்கு 700 மணி நேரம். 50,000 முத்துகள், 80,000 படிகக் கற்கள். ஒரே ஆள் தினம் 8 மணி நேரம், ஒரு நாள்கூட விடுப்பில்லாமல் உட்கார்ந்தால் ஒரு வருடம் நாலு மாதம் ஆகும். அத்தனை வேலை வைத்தும் அந்த உடை மின்னவில்லை, வெள்ளிப் பனி படிந்த மாதிரி அடங்கி இருந்தது. ஹாலி பெரி கவுன் பெயர் வாங்கிக் கொடுத்தது, சரி. ஆனால் சாப்பின் கை என்ன செய்யும் என்று பார்க்க ஒரே ஒரு உடையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் இதைத்தான் எடுப்பேன். சிவப்புக் கம்பளம் இல்லை என்று சண்டைக்கு வருவீர்கள். தேவாலயத்திலும் கம்பளம் விரித்துத்தான் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2002-க்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அடுத்த வருட ஆஸ்கருக்கும் ஹாலி பெரி சாப் உடையில்தான் வந்தார். பாரிஸ் கதவும் திறந்தது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. "ஓத் கூச்சூர்" என்ற சொல்லைப் பிரான்ஸில் யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிவிட முடியாது. 1945 முதல் அது சட்டப் பாதுகாப்பு உள்ள சொல். அதற்கான சங்கத்தில் முழு உறுப்பினராக வேண்டுமானால் பாரிஸிலேயே பட்டறை இருக்க வேண்டும், பட்டறையில் இத்தனை பேர் வேலை செய்ய வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. வெளிநாட்டில் பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தனி உறுப்பினர் வகை. வலென்டினோ, அர்மானி மாதிரி சாப்பும் அந்த வகையில்தான் சேர்க்கப்பட்டார். காட்சி பாரிஸில், வேலை பெய்ரூட்டில். பெய்ரூட்டை அவர் விடவே இல்லை.

காசு விஷயத்திலும் ஒரு குழப்பம் பலருக்கு இருக்கிறது. நடிகைகள் அந்தக் கவுனை விலை கொடுத்து வாங்குவதில்லை. பெரும்பாலும் இரவல்தான், விழா முடிந்ததும் திரும்பிப் போய்விடும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மணப்பெண்கள் பெய்ரூட்டுக்கு வருவார்கள், இன்னும் பல லட்சம் பேர் வாசனைத் திரவியம் வாங்குவார்கள். சாப்பின் முதல் பெர்ஃப்யூம் 2011-இல் வந்தது, ஃபிரான்ஸிஸ் குர்க்ஜியான் செய்தது. அடிப்படை வாசனை ஆரஞ்சுப் பூ. லெபனானில் வளர்ந்தவர்களுக்கு அது பண்டிகைப் பலகாரத்தின் மணமும்கூட.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஐஸ்வர்யா ராய் 2010 கான் திரைப்பட விழாவுக்கு வந்த இளம் ஊதாக் கவுனைப் பாருங்கள். நம் ஊர்க்காரர்கள் பலருக்கு எலீ சாப் என்ற பெயரே அன்றுதான் அறிமுகம். அடுத்த வருட ஆஸ்கரில் மிலா குனிஸ் அணிந்ததும் அதே ஊதா குடும்பம்தான். ஆனால் அது வேறு ஜாதி. லேஸும் ஷிஃபானும் காற்றில் மிதக்கிற மாதிரி விட்டிருப்பார். எனக்கு மிலா குனிஸ் உடைதான் பிடிக்கும், அதில் சாப் மணிப் பெட்டியை மூடி வைத்துவிட்டார்.

ஏஞ்சலினா ஜோலி இரண்டு தடவை அணிந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2009 ஆஸ்கரில் தோள்பட்டை இல்லாத கறுப்புக் கவுன், ஒரு அலங்காரமும் கிடையாது. காதில் பெரிய மரகதத் தொங்கட்டான். மறுநாள் எல்லோரும் தொங்கட்டானைப் பற்றித்தான் பேசினார்கள், அப்படிப் பேசட்டும் என்று ஒதுங்கி நிற்கவும் ஒரு உடைக்குத் தெரிய வேண்டும். 2014-இல் நேர் எதிர். உடம்பு முழுக்க மினுக்கும் மணி வேலை, ஒளிரும் வலைத்துணி. இது சாப்பின் வழக்கமான பாணி, அழகுதான், ஆனால் அதற்குள் அந்தப் பாணியைப் பத்து வருடமாகப் பார்த்திருந்தோம்.

அவரிடம் எனக்குள்ள குறையும் அதுவே. தோல் நிற வலை, ஆழமான கழுத்து, ஓடுகிற கொடி, இடுப்பில் மெல்லிய பெல்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மெக்வீன் மாதிரி அதிர வைக்க மாட்டார், புதிதாக ஓர் உருவத்தைக் கண்டுபிடித்து "பெண் உடம்பை இப்படியும் பார்க்கலாம்" என்று காட்ட மாட்டார். வருகிற பெண்ணை அவளே நினைத்திருந்ததைவிட அழகாக அனுப்பி வைப்பார், அவ்வளவுதான். விமர்சகர்கள் அதைச் சின்ன விஷயமாக எழுதுகிறார்கள். வாடிக்கையாளர் முன்னால் இன்ச் டேப் பிடித்து நின்ற யாரும் அப்படி எழுத மாட்டார்கள். ஆயத்த ஆடை வரிசை மட்டும் என்னை என்றைக்கும் கவர்ந்ததில்லை. கூச்சூரில் கை செய்வதை அங்கே இயந்திரம் செய்யப் பார்க்கிறது, முடியவில்லை.

அவர் போட்ட பாதையில் ஜுஹேர் முராத், ஜார்ஜ் ஹொபைக்கா என்று லெபனான்காரர்களின் ஒரு வரிசையே ஹாலிவுட்டுக்கு வந்தது. இன்று ஆஸ்கர், கான் எதை எடுத்தாலும் பெய்ரூட்டில் தைத்த உடை இல்லாமல் இருக்காது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் வெடித்தபோது இந்தத் தொழில் முழுவதும் அடிபட்டது. முராத்தின் பட்டறைக் கட்டடம் நாசமானது. சாப்பின் வீடும் அலுவலகமும் சேதமாகின. கண்ணாடியைப் பெருக்கி ஒதுக்கிவிட்டு மறுபடி ஃப்ரேம் கட்டினார்கள். 1982-லிருந்து பழகிய காரியம்.

2024 நவம்பரில் ரியாத்தில் தன் மொத்த வாழ்க்கையையும் ஒரே மேடையில் காட்டினார். செலின் டியோனும் ஜெனிஃபர் லோபஸும் பாடினார்கள். காட்சியைத் தொடங்கி வைத்தவர் ஹாலி பெரி, 22 வருடத்துக்கு முந்தைய அந்த அரக்கு கவுன் கோலத்திலேயே.

பார்ப்பதாக இருந்தால் போட்டோவில் பார்க்காதீர்கள். 2002 விழாவின் வீடியோவை எடுத்து, விருதை அறிவிக்க வந்த நடிகர் ரஸ்ஸல் குரோ, ஹாலி பெரியின் பெயரை வாசிக்கிற இடத்திலிருந்து ஓடவிடுங்கள். ஹாலி பெரி திகைத்துப்போய் எழுந்து, மேடையேறி, குரோவைக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்கி, தோள் குலுங்க அழுகிறார். முகத்தை ஒரு நிமிடம் விட்டுவிட்டு, மார்பின் மேல் ஓடும் கொடியை மட்டும் கவனியுங்கள்.